இக்னைட்டர் ஒளிர்கிறது, ஓவன் பற்ற மறுக்கிறது: குறை இக்னைட்டரிலா, கேஸ் வால்விலா?

செண்பகனூர் அடுமனை (கோடைக்கானல்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். செண்பகனூரில் வீட்டிலிருந்தபடியே கேக்கும் ரொட்டியும் செய்து கொடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது பழைய அமெரிக்க கேஸ் ரேஞ்ச். மேலே நான்கு பர்னர்கள், கீழே பெரிய ஓவன். இங்கிருந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பத்தாரிடம் வாங்கினேன். சிலிண்டர் கேஸில் எரியும்படி ஜெட்டுகளை (பர்னருக்குக் கேஸ் விடும் சிறுதுளை முனைகளை) அவர்களே மாற்றி வைத்திருந்தார்கள். 230 வோல்ட்டை 110 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் ரேஞ்சோடு சேர்ந்து வந்தது.

முன்பெல்லாம் குமிழைத் திருப்பினால் ஒரு நிமிடத்துக்குள் ஓவன் பற்றிக்கொள்ளும். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து நிலைமை மாறிவிட்டது. அடித்தட்டின் துளை வழியே பார்த்தால், மின்சாரத்தில் சூடேறிக் கேஸைப் பற்றவைக்கும் இக்னைட்டர் செம்மஞ்சளாக ஒளிர்வது நன்றாகவே தெரிகிறது. ஆனாலும் தீப்பற்ற மூன்று நான்கு நிமிடங்கள் ஆகின்றன. சில வேளைகளில் லேசாகக் கேஸ் வாடை வந்து, அதன் பிறகு ‘புஸ்’ஸென்ற சத்தத்தோடு பற்றுகிறது. இதைவிடப் பெரிய தொல்லை பிளம் கேக் வைக்கும்போது வருகிறது. ஓவன் முதலில் ஒழுங்காகச் சூடேறுகிறது. குறித்த சூடு வந்ததும் பர்னர் அணைகிறது. சூடு இறங்கிய பின் அது மறுபடி பற்றுவதில்லை. கதவைத் திறந்து பார்த்தால் ஓவன் வெதுவெதுப்பாகவும், கேக் நடுவில் அமுங்கியும் கிடக்கின்றன. மேல் பர்னர்கள் நான்கிலும் எந்தக் குறையும் இல்லை.

அடுப்புப் பழுது பார்க்கும் தம்பி ஒருவரை வரவழைத்துக் காட்டினேன். “இக்னைட்டர்தான் பளிச்சென்று எரிகிறதே அக்கா, அதில் ஒன்றும் இல்லை, கேஸ் வால்வுதான் போய்விட்டது” என்றார். வால்வின் விலை இக்னைட்டரைவிடக் கணிசமாகக் கூடுதல். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பிறகும் குறை தீரவில்லையென்றால் பணமும் வீண், கிறிஸ்துமஸ் ஆர்டர்களும் வீண். பழுது வால்வில்தானா என்பதை எப்படி உறுதி செய்வது? இக்னைட்டர் என்றால் அதை வீட்டிலேயே மாற்றலாமா? அதுவரை தீக்குச்சியால் பற்றவைத்துச் சமாளிக்க வழியுண்டா? விவரம் அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.


குன்னூர் பழுதுபார்ப்பு எழுதியது:

வணக்கம் சகோதரி. சவுதியில் இருந்த காலத்தில் இத்தகைய ரேஞ்சுகளைப் பழுதுபார்ப்பதுதான் எனக்கு வேலையாக இருந்தது. நீங்கள் கூறும் அடையாளங்களைப் பார்த்தால், வால்வுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இக்னைட்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒளிர்கிற இக்னைட்டர் நல்ல இக்னைட்டர் என்ற முடிவுக்கு அந்தத் தம்பி மட்டுமல்ல, அனுபவமுள்ள பலரும் வந்துவிடுகிறார்கள். அது ஏன் பொருந்தாது என்பது அந்த ஓவனின் மின்சுற்றைத் தெரிந்துகொண்டால் விளங்கும்.

குமிழைத் திருப்பியதும், ஓவன் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வழியாக வரும் மின்சாரம் இக்னைட்டருக்குள் பாய்கிறது. அதே மின்சாரம்தான் அடுத்ததாகக் கேஸ் வால்வுக்குள்ளும் பாய்கிறது. இரண்டும் ஒரே தொடரில் இணைந்தவை. வால்வுக்குள் சிறியதொரு சூடேற்றும் கம்பியும், சூட்டில் வளையும் ஈருலோகப் பட்டையும் உள்ளன. போதிய மின்னோட்டம் பாய்ந்து அந்தப் பட்டை வளைந்தால்தான் வால்வு திறக்கும், பர்னருக்குக் கேஸ் வரும். இக்னைட்டர் சிலிக்கான் கார்பைடால் ஆனது. குளிர்ந்திருக்கையில் அதன் மின்தடை அதிகமாகவும், சூடேறச் சூடேறக் குறைவாகவும் இருக்கும். ஆகவே அது முழுச் சூட்டை எட்டி, தேவையான மின்னோட்டத்தை இழுக்கும் வரை வால்வு மூடியே இருக்கும். பற்றவைக்க வழியில்லாதபோது கேஸை வெளியே விடக்கூடாது என்பதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள்.

பயன்படுத்தப் பயன்படுத்த இக்னைட்டரின் தடை மெல்ல மெல்லக் கூடுகிறது. பர்னர் எரிந்துகொண்டிருக்கும் நேரம் முழுவதும் இக்னைட்டரும் ஒளிர்ந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், நாள்தோறும் ரொட்டியும் கேக்கும் வேகும் ஓவனில் அது சீக்கிரமே தேய்ந்துவிடுகிறது. அப்படித் தேய்ந்த இக்னைட்டரும் ஒளிரத்தான் செய்யும். கேஸைப் பற்றவைக்க 500 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான சூடே போதும். செம்மஞ்சளாகத் தெரியும் எந்தப் பொருளும் அதைவிடப் பல நூறு டிகிரி கூடுதலான சூட்டில் இருக்கும். எனவே பற்றவைக்கும் சூடு அதனிடம் குறையவில்லை. வால்வைத் திறக்கவைக்கும் மின்னோட்டம்தான் குறைகிறது. வால்வு அரைகுறையாகத் திறந்து கேஸ் சிறிது சிறிதாகக் கசிந்து சேர்ந்தால், நீங்கள் சொல்லும் அந்த வாடையும் ‘புஸ்’ஸென்ற சத்தமும் உண்டாகும்.

இதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. ஏசி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். ஓவனுக்குக் கீழுள்ள இழுப்பறையை வெளியே எடுத்தால் இக்னைட்டரின் இரண்டு வயர்களும் தெரியும். அவற்றில் ஒன்றை மட்டும் மீட்டரின் தாடைக்குள் விட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் மீட்டர் பூஜ்யத்தைத்தான் காட்டும். ஓவனைப் போட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டையான இக்னைட்டராக இருந்தால் 3.2 முதல் 3.6 ஆம்பியர் வரையும், உருண்டையானதாக இருந்தால் 2.5 முதல் 3.0 ஆம்பியர் வரையும் இழுக்க வேண்டும். பெரும்பாலான வால்வுகளின் உடலிலேயே அதற்குரிய ஆம்பியர் பொறிக்கப்பட்டிருக்கும். அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அளவு குறைவாக இருந்தால் வால்வைக் குறை சொல்ல முகாந்திரமே இல்லை. அளவு சரியாக இருந்தும் கேஸ் வரவில்லையென்றால் மட்டுமே வால்வைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. முற்றிலும் அறுந்துபோன இக்னைட்டரை அது காட்டிக்கொடுக்கும், தளர்ந்துபோனதைக் காட்டாது. இன்னொன்றையும் அந்தத் தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: வால்வைச் சோதிப்பதாக நினைத்து அதற்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துவிடக் கூடாது. இக்னைட்டரோடு தொடரில் இருக்கும்போது வால்வுக்குக் கிடைப்பது சில வோல்ட் மட்டுமே. 110 வோல்ட்டை நேரே கொடுத்தால் உள்ளிருக்கும் கம்பி அந்தக் கணமே கருகி, இல்லாத பழுது உண்மையாகவே வந்து சேரும்.

தீக்குச்சிக்கு இங்கே வேலையில்லை. வால்வு மூடியிருக்கும்போது குச்சியைக் கொண்டுபோனால் ஒன்றும் நடக்காது. தாமதமாகத் திறக்கும்போது முகத்தருகே தீயோடு குனிந்திருந்தால் விபரீதமாகிவிடும். வாடை வரும் நிலையில் இருக்கிற ஓவனை, குறை தெரியும் வரை போடாமல் இருப்பதே நல்லது. நம் மலைகளில் குளிருக்குப் பயந்து சமையலறை ஜன்னல்களை அடைத்தே வைக்கிறோம்; சிலிண்டர் கேஸோ காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் இழுப்பறைக்குள்ளும் தரையிலும் தேங்கும். வாடை கனமாக வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள்.


கோத்தகிரி மின்பணி எழுதியது:

குன்னூர் அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் ஆம்பியரைப் பார்ப்பதற்கு முன் வோல்ட்டைப் பார்க்க வேண்டும். அவர் தந்த 3.2 முதல் 3.6 என்ற கணக்கு 120 வோல்ட்டுக்கு உரியது. சகோதரியின் டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட் வந்தால் 110 தருவது. சாயங்காலம் எல்லா வீடுகளிலும் கீசரும் ஹீட்டரும் ஓடும் நேரத்தில், மலைப்பகுதியில் கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் வீட்டுக்கு 190 வோல்ட் வருவதே பெரிய காரியம். அப்போது டிரான்ஸ்பார்மரிலிருந்து வெளிவருவது 90 வோல்ட் அளவில்தான் இருக்கும். அந்த வோல்ட்டில் புத்தம் புதிய இக்னைட்டர்கூட போதிய மின்னோட்டத்தை இழுக்காது; சூடு குறைவதால் அதன் தடை இறங்குவதும் குறைகிறது, ஒன்றோடொன்று சேர்ந்து நிலைமையை மோசமாக்குகிறது. மழை தொடங்கிய பிறகு தொல்லை வந்ததென்று எழுதியிருப்பதால் எனக்கு இந்தச் சந்தேகம் வலுக்கிறது. காலையில் ஒழுங்காகப் பற்றி மாலையில் மட்டும் சண்டித்தனம் செய்கிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்பார்மரின் பின்புறத்தைப் பாருங்கள். சிலவற்றில் 100, 110, 120 என்று தேர்ந்துகொள்ளும் வசதி இருக்கும். இருந்தால் 120இல் வையுங்கள். அதன் திறனையும் பாருங்கள். இக்னைட்டர் மட்டுமே ஏறத்தாழ 400 வாட் எடுக்கும், ஓவன் விளக்கு அதற்குமேல். 500 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்பார்மர் என்றால் சுமை ஏறியதும் வோல்ட் விழும், தொட்டால் கொதிக்கும். 1000 விஏ இருந்தால் கவலையில்லை.

பாதுகாப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே கிடைக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர்களில் பல ஒற்றைச் சுருள் கொண்டவை. வீட்டு மின்சாரத்தையும் வெளிவரும் மின்சாரத்தையும் அவை தனித்தனியாகப் பிரிப்பதில்லை. பழைய பங்களாக்களில் பிளக் பாயிண்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது சாதாரணம். அப்படி மாறியிருந்தால் ஓவன் குமிழை அணைத்த பிறகும் உள்ளே வயர்களில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். ஆகவே கைவைக்கும் முன் ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கியே ஆக வேண்டும். டிரான்ஸ்பார்மரின் வெளிப்பக்கத்தில் இரண்டு தட்டைத் துளைகள் மட்டும் இருந்தால் ரேஞ்சுக்கு எர்த்தே கிடைக்கவில்லை என்று பொருள். ரேஞ்சின் உடலிலிருந்து வீட்டு எர்த்துக்குத் தனியாக ஒரு வயர் இழுக்கச் சொல்லுங்கள்.

கோடைக்கானலில் இத்தகைய ரேஞ்சுகள் அகப்படுவதில் வியப்பில்லை. 1845இல் மதுரையின் அமெரிக்க மிஷனரிகள் அங்கே வீடு கட்டிக் குடியேறியதிலிருந்தும், 1901இல் அவர்கள் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியதிலிருந்தும் அந்தத் தொடர்பு நீடிக்கிறது. உங்கள் ரேஞ்சின் முகப்பில் முள் கடிகாரமும் டைமரும் இருந்தால் ஒரு விஷயம்: அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. இக்னைட்டருக்கு அதனால் பாதகமில்லை. ஆனால் மோட்டாரில் ஓடும் டைமரில் ஒரு மணி நேரம் வைத்தால் அது 72 நிமிடம் கழித்தே மணியடிக்கும். கேக் கருகினால் ஓவனைத் திட்டாதீர்கள்.


உதகை வாசகர் எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்தருள வேண்டும். எங்கள் வீட்டில் உள்ளது இந்தியத் தயாரிப்பு ஓவன். பொத்தானை அழுத்தினால் ‘டிக் டிக்’கென்று பொறி வரும். மூடுபனி நாட்களில் சத்தம் மட்டும் வருகிறது, தீ வருவதில்லை. எனக்கும் இந்த ஆம்பியர் கணக்குப் பொருந்துமா?


குன்னூர் பழுதுபார்ப்பு எழுதியது:

பொருந்தாது ஐயா. உங்களுடையது பொறி எலக்ட்ரோடு வகை. அங்கே இக்னைட்டர் வால்வைத் திறப்பதில்லை, பொறி மட்டுமே தருகிறது. ஓவனை ஆறவைத்து, ரெகுலேட்டரை மூடி, எலக்ட்ரோடின் வெள்ளைப் பீங்கானை உலர்ந்த துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால், பனிக்காலத்து ஈரம் அதில் இறங்கி, பொறி முனையில் குதிக்காமல் விரிசல் வழியே பக்கத்துத் தகட்டுக்குப் போய்விடும். இருட்டில் பார்த்தால் நீலப் பொறி எங்கே குதிக்கிறதென்று தெரியும். விரிசல் இருந்தால் ஒட்டிப் பயனில்லை, மாற்ற வேண்டும். விரிசல் இல்லையென்றால் முனைக்கும் பர்னருக்கும் நடுவே மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா, முனையில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தீப்பற்றிய பிறகு குமிழை விட்டதும் அணைந்துவிட்டால் அது வேறு பழுது. சுடரைத் தொட்டுக்கொண்டு, தீ எரிகிறதா என்பதை உணரும் தெர்மோகப்பிளைப் பார்க்க வேண்டும்.


செண்பகனூர் அடுமனை எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. கோத்தகிரி அண்ணன் கேட்டபடி எங்கள் தெரு எலக்ட்ரீஷியனை அழைத்து, கிளாம்ப் மீட்டரோடு எல்லாவற்றையும் பார்த்தோம்.

இக்னைட்டர் தட்டையான வகை. வால்வின் மேல் 3.3 முதல் 3.6 ஆம்பியர் என்று பொறித்திருக்கிறது. மாலையில் வீட்டுக்கு வந்த மின்சாரம் 195 வோல்ட், டிரான்ஸ்பார்மர் தந்தது 92 வோல்ட், இக்னைட்டர் இழுத்தது 2.3 ஆம்பியர்; ஓவன் பற்றவே இல்லை. மறுநாள் காலையில் 225 வோல்ட் வந்தது. டிரான்ஸ்பார்மரின் பின்னால் 120 என்ற தேர்வும் இருந்தது. அதில் வைத்தபோது 116 வோல்ட் கிடைத்தது, இக்னைட்டர் 2.8 ஆம்பியர் இழுத்தது, நெடுநேரம் கழித்துப் பற்றியது. டிரான்ஸ்பார்மர் 1000 விஏ தான். எர்த் இல்லை என்பதும் உண்மை. எலக்ட்ரீஷியன் தனி வயர் இழுத்துக் கொடுத்துவிட்டார்.

அப்படியானால் வோல்ட்டும் குறைவு, இக்னைட்டரும் தளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? மாடல் எண்ணைக் கொடுத்துப் புதிய இக்னைட்டருக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். மாற்றும் முறையைச் சற்று விரிவாகச் சொன்னால், எலக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டே செய்துவிடுவோம். கேஸ் குழாயைக் கழற்ற வேண்டியிருக்குமா?


குன்னூர் பழுதுபார்ப்பு எழுதியது:

நீங்கள் எடுத்துக்கொண்டது சரி. 116 வோல்ட் கிடைத்தும் 2.8 ஆம்பியரில் நின்றுவிட்டதென்றால் இக்னைட்டர் தளர்ந்துவிட்டது. 195 வோல்ட் வரும் மாலையில் எந்த இக்னைட்டருக்கும் சிரமம்தான். மாற்றிய பிறகு டிரான்ஸ்பார்மருக்கு முன்னால் 1 கேவிஏ ஸ்டெபிலைசர் ஒன்றை வைத்துவிடுங்கள்.

வரும் இக்னைட்டர் தட்டையானதுதானா என்பதைப் பெட்டியைப் பிரித்ததும் பாருங்கள். ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று சொல்லி உருண்டை வகையை அனுப்பிவிடுவதுண்டு. உருண்டை வகையை உங்கள் வால்வோடு இணைத்தால் வால்வு திறக்காது. இதற்கு நேர்மாறாக, குறைந்த ஆம்பியருக்கான வால்வோடு தட்டை வகையை இணைப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஆபத்து, ஏனென்றால் இக்னைட்டர் பற்றவைக்கும் சூட்டுக்கு வருவதற்குள் வால்வு திறந்து கேஸை விட்டுவிடும்.

கேஸ் குழாயைத் தொட வேண்டிய தேவையே இல்லை. ஓவன் நன்றாக ஆறிய பிறகு ரெகுலேட்டரை மூடுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளேயுள்ள கம்பித் தட்டுகளை எடுத்துவிட்டு, அடித்தகட்டின் பின்மூலைகளிலோ முன்மூலைகளிலோ உள்ள இரண்டு ஸ்குருக்களைக் கழற்றி அதை உயர்த்தி வெளியே எடுங்கள். அதன் கீழே சுடரைப் பரப்பும் தகடு ஒன்று இருக்கும். அதையும் எடுத்தால் நீண்ட பர்னர் குழாயும், அதன் பக்கவாட்டில் கம்பிக் கூட்டுக்குள் இக்னைட்டரும் தெரியும். வேலை தொடங்குவதற்கு முன், இக்னைட்டர் பர்னரின் எந்தத் துளைகளுக்கு நேராக, எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதியது அதே இடத்தில் அதே நெருக்கத்தில் உட்கார வேண்டும். சற்று விலகினாலும் கேஸ் அதைத் தேடி வர நேரமாகி, மறுபடி அந்த ‘புஸ்’தான்.

இக்னைட்டரைப் பிடித்திருப்பவை இரண்டு சிறிய ஆறுமுனை ஸ்குருக்கள், கால் அங்குல ஸ்பேனருக்கு உரியவை. இந்த வேலையில் கஷ்டப்படுத்தக்கூடியவை அவை இரண்டுமே. பல ஆண்டுச் சூட்டோடு நம் மலை ஈரமும் சேர்ந்து அவற்றைத் துருவால் உறையவைத்திருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்து, உடல் உள்ளேயே நின்றுவிடும். துரு இளக்கும் எண்ணெயைத் துணிமுனையில் தொட்டு ஸ்குருவின் அடியில் மட்டும் வைத்து, இரவு முழுக்க விட்டு, மறுநாள் முதலில் இறுக்கும் பக்கமாகச் சற்றே அசைத்து, பிறகு கழற்றுங்கள். வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

வயர்கள் பின்சுவரின் துளை வழியே இழுப்பறைப் பக்கம் போகும். அங்கே பிளக் இருந்தால் கழற்றிப் புதியதை மாட்டினால் முடிந்தது. பிளக் பொருந்தாவிட்டால் வயர்களை வெட்டி, இக்னைட்டரோடு வரும் பீங்கான் கனெக்டர்களால் இணைக்க வேண்டும். எந்த வயர் எதற்கு என்ற கவலை வேண்டாம், எப்படி மாற்றி இணைத்தாலும் சரிதான். கனெக்டருக்கு வெளியே ஒரு செம்பு இழைகூடத் தெரியக்கூடாது. இந்த இடத்தில் சாதாரண இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுவதோ, வீட்டு வயரைச் சேர்த்து நீட்டுவதோ கூடாது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகி இரண்டு வயர்களும் ஒட்டிக்கொள்ளும்.

புதிய இக்னைட்டரின் சாம்பல் நிறப் பகுதியை விரலால் தொடாதீர்கள். அடியில் உள்ள பீங்கானைப் பிடித்தே கையாளுங்கள். பார்ப்பதற்குக் கல்போல இருந்தாலும் லேசாக இடித்தாலே உடைந்துவிடும், கைப்பிசுக்கும் அதற்கு ஆகாது. கம்பிக் கூடு அதற்குக் கவசம் என்பதால், அதைக் கழற்றிவிட்டு மாட்டலாம் என்று நினைக்க வேண்டாம். மாட்டிய பின் வயர் பர்னரைத் தொடாதபடி துளைக்குள் இழுத்துவிடுங்கள்.

அடித்தகட்டைப் போடுவதற்கு முன்பே ஒரு முறை சோதித்துப் பார்ப்பது நல்லது. ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரைத் திறந்து, பிளக்கைப் போட்டு, ஓவனிலிருந்து சற்று விலகி நின்று குமிழைத் திருப்புங்கள். இக்னைட்டர் பளீரென்ற மஞ்சளுக்கு வந்து, ஒன்றரை நிமிடத்துக்குள் பர்னரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தீ தடையின்றி ஓட வேண்டும். அதற்குள் பற்றாவிட்டால் அணைத்துவிடுங்கள், மறுபடி மறுபடி முயலாதீர்கள். பற்றிய பிறகு ஆம்பியரையும் ஒரு தடவை அளந்து குறித்து வைத்துக்கொண்டால், பின்னொரு நாள் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.


செண்பகனூர் அடுமனை எழுதியது:

வேலை முடிந்தது அண்ணா. இரண்டு ஸ்குருக்களில் ஒன்று எளிதாக வந்துவிட்டது. மற்றொன்றுக்கு நீங்கள் சொன்ன எண்ணெயும் ஓர் இரவும் தேவைப்பட்டன. ஸ்டெபிலைசரும் வைத்தாகிவிட்டது. இப்போது 119 வோல்ட்டில் 3.4 ஆம்பியர் இழுக்கிறது. ஒரு நிமிடத்துக்கு முன்பே பற்றிக்கொள்கிறது. மாலையிலும் அப்படியே. பிளம் கேக் ஒன்று வைத்துப் பார்த்தேன். பர்னர் அணைந்து அணைந்து ஒவ்வொரு முறையும் திரும்பப் பற்றியது, கேக்கும் அமுங்கவில்லை. வால்வை மாற்றச் சொன்ன தம்பியிடமும் மீட்டரைக் காட்டினேன். அவரே கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடித்தகடு இல்லாமல் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. ஓவன் பர்னரின் சுடர் நீலமாக இல்லாமல், மேற்பகுதி பாதிக்குப் பாதி மஞ்சளாக ஆடுகிறது. பரப்பும் தகட்டின் அடியில் கரியும் படிந்திருக்கிறது. இக்னைட்டரை மாட்டியதில் ஏதேனும் கோளாறாக இருக்குமா?


குன்னூர் பழுதுபார்ப்பு எழுதியது:

இக்னைட்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை சகோதரி. சிலிண்டர் கேஸில் சுடரின் நுனி மட்டும் சற்று மஞ்சளாக இருப்பது இயல்பு. பாதிச் சுடர் மஞ்சளாக ஆடுவதும் கரி படிவதும் இயல்பல்ல. கேஸுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். கோடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கீழ்நாட்டைவிடக் குறைவு, ஆனால் ஜெட்டுகளோ கீழ்நாட்டுக் கணக்கில் துளையிடப்பட்டவை. அமெரிக்க விதிகள் 2000 அடிக்கு மேலுள்ள ஊர்களில், ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் 4 விழுக்காடு வீதம் கேஸின் அளவைக் குறைக்கச் சொல்வது இதற்காகவே. உங்களுக்கு அந்த ரேஞ்சைக் கொடுத்தவர்கள் சிலிண்டர் கேஸுக்கான ஜெட்டைப் போட்டிருக்கிறார்கள், உயரத்தைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள்.

அழுத்தத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. நம் வீட்டு ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் தருகிறது. அந்த ரேஞ்சுகள் சிலிண்டர் கேஸில் ஓடுவது 25 முதல் 27 மில்லிபாரில். ரேஞ்சின் பின்புறத்தில் அதற்கென்றே தனி ரெகுலேட்டர் ஒன்று உண்டு. அதன் மூடி சிலிண்டர் கேஸுக்கான நிலையில் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள். பர்னர் குழாய் ஜெட்டோடு சேரும் இடத்தில், காற்று புகுவதற்கான திறப்பும், அதை மூடித் திறக்கும் சிறு வளையமும் இருக்கும். ரெகுலேட்டரை மூடி, ஓவன் ஆறியிருக்கும்போது அந்த வளையத்தின் ஸ்குருவைத் தளர்த்தி, திறப்பைச் சற்றே பெரிதாக்கி, பற்றவைத்துப் பாருங்கள். நீலம் கூடினால் சரியான திசையில் போகிறீர்கள். சுடர் துளைகளை விட்டு எம்பிக் குதித்தால் அளவு மீறிவிட்டது, கொஞ்சம் பின்வாங்குங்கள். முழுக்கத் திறந்தும் கரி நிற்கவில்லையென்றால் ஜெட்டைச் சிறிய துளையுள்ளதாக மாற்ற வேண்டும். அது கேஸ் வழியைத் திறக்கும் வேலை என்பதால் அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் கொடுத்துவிடுங்கள். வளையத்தை எந்த நிலையில் வைத்தாலும் கடைசியில் அதன் ஸ்குருவை இறுக்க மறவாதீர்கள். சூட்டின் அசைவில் அது தானாக மூடிக்கொள்வதுண்டு.